பார்த்தேன் என்று சொன்னவன்

மணிக்கூட்டு முகத்தில் தூசு கிடக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். சுவிஸில் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, முள் நேராக நிற்கிறதா, எண்களில் கீறல் விழுந்திருக்கிறதா, கண்ணாடிக்குள் நூலிழை ஏதும் அகப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, நல்லதைப் பச்சைப் பெட்டியிலும் குறையுள்ளதைச் சிவப்புப் பெட்டியிலும் வைக்க வேண்டும். இதில் எனக்கு நல்ல பெயர். என் மேசையைத் தாண்டிப்போன தூசு கிடையாது என்று புதிதாக வருகிறவர்களிடம் மேலாளர் சொல்லுவார். வீட்டில் முன்னால் இருக்கிற உப்புப் போத்தல்கூட என் கண்ணுக்குத் தெரியாது என்று மனைவி சொல்லுவாள். இரண்டு பேரும் சொல்வது சரிதான்.

என் தம்பி இதே ஊரில் பஸ் ஓட்டினான். என்னைவிட ஆறு வயது இளையவன். கலியாணம் கட்டவில்லை. அம்மாவோடு ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தான். போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பஸ்ஸை அடுத்த சாரதியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது விழுந்துவிட்டான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வயது முப்பத்தெட்டு. இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தபோதும் ஒன்றும் இருக்கவில்லை. அவனுடைய சேர்ட்டில் இரண்டாவது பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் இருந்துதான் தொடங்க வேண்டும். புரட்டாதி பிறந்தால் மார்கழி வரை, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அம்மாவின் வீட்டு ரீவியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஃபுட்போல் ஓடும். காலால் உதைக்கிற விளையாட்டு அல்ல. தலைக்கவசமும் தோளில் மெத்தையும் போட்டுக்கொண்டு, ஒருவன் பந்தை எறிய, இன்னொருவன் ஓடிப்போய்ப் பிடிக்க, மற்றவர்கள் எல்லாம் அவனை விழுத்தப் பார்க்கிற விளையாட்டு. பிடிப்பவனுக்கு ரிசீவர் என்று பெயர். தம்பியும் பீலில் ஒரு சின்னக் கழகத்தில் ஆறு வருடம் ரிசீவராக விளையாடினான், முழங்கால் போகும்வரை. நான் ஒரு தடவை பார்க்கப் போனேன். மழை பெய்தது. இடைவேளையோடு வந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் இன்னொருவனும் வருவான். தம்பியின் கூட்டாளி. சூரிச் பக்கம் ஓர்லிகோனில் இருந்து ரயில் ஏறி வருவான், கையில் அங்குள்ள தமிழ்க் கடையில் வாங்கிய ரோல்ஸ் பொதியோடு. அவன் சூரிச்சில் ஒரு கழகத்துக்கு விளையாடியவன். ரிசீவரைப் பிடிக்க விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடுகிற காவல்காரன். தம்பியை மறிப்பதுதான் அவனுக்கு வேலை. ஒருநாள் விழுந்த இடத்தில் ஒருத்தன் தமிழில் தூசணம் சொல்ல, மற்றவன் தமிழிலேயே திருப்பிச் சொல்ல, இரண்டு பேரும் எழும்பாமல் கிடந்து சிரித்தார்களாம். அன்று பிடித்த சிநேகம்.

இந்த இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாக ஒரே வழக்குத்தான். ஒரு பல்கலைக்கழக அணியில் ஒரு ரிசீவர் இருந்தான். இருபது வயது இருக்கும். பெயர் வேண்டாம், நாங்கள் அவனைப் பெடியன் என்றுதான் சொல்லுவோம். ஒரு கையால் பந்தைப் பிடிப்பான். அந்தரத்தில் உடம்பைத் திருப்புவான். இவன் இந்த விளையாட்டு கண்ட எல்லாக் காலத்துக்குமான பெரிய ஆட்களில் ஒருவனாக வருவானா, மாட்டானா? இதுதான் வழக்கு. வருவான் என்பது கூட்டாளியின் கட்சி. அவன் இணையத்தில் எங்கோ ரசிகர்கள் கூடுகிற இடத்தில் புனைபெயரில் ஆங்கிலத்தில் சண்டை பிடித்துவிட்டு, அந்தச் சூடு ஆறாமல் ரயில் ஏறி வந்து எங்களிடம் தமிழில் பிடிப்பான். விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பான். வர மாட்டான் என்று தம்பி சொல்ல மாட்டான். இப்போது சொல்ல ஏலாது என்பான். அதில்தான் கூட்டாளிக்குக் கூடுதலாக ஆத்திரம் வரும்.

“மச்சான், யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மணி கேக்குதோ இல்லையோ?”

“கேக்குது. இந்த நாட்டில மணி மாட்டுக்குத்தான் கட்டியிருக்கு,” என்றான் தம்பி.

அம்மா சிரித்துவிட்டார். அம்மாவுக்கு விளையாட்டு விளங்காது. சோபாவின் ஓரத்தில் இருந்து போஞ்சி நார் உரித்துக்கொண்டு, அந்தப் பெடியனுக்குத் தாய் தகப்பன் இருக்கினமோ, படிப்பையும் பார்க்கிறானோ என்று கேட்பார். அவன் விழும்போதெல்லாம் முருகா என்பார். என்னுடைய வேலை, தோற்கிற கட்சியின் பக்கம் சாய்வது. சண்டை சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டி வரும். ரோல்ஸும் இருக்கிறது. மற்றபடி எனக்கு அந்த விளையாட்டின் மீது பெரிய பக்தி இருக்கவில்லை. பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

கூட்டாளியின் சாட்சியங்கள் எல்லாம் பெடியன் பந்தைப் பிடித்த காட்சிகள். பிடித்த உயரம், பிடித்த கை, ஓடிய தூரம். தம்பி அவற்றை ஒத்துக்கொள்வான். ஒத்துக்கொண்டுவிட்டு, பந்து வேறு ஒருத்தனுக்குப் போகிற நேரத்தில் இவன் என்ன செய்கிறான் என்று பார் என்பான். ரிசீவர்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். ஒருவனுக்குத்தான் பந்து வரும். தனக்கு வராது என்று தெரிந்தால் பலர் கால் ஓட்டத்தைத் தளர்த்திவிடுவார்கள். அப்போதும் ஒருவன் முழு மூச்சில் ஓடினால் காவல்காரர்கள் அவனுக்குப் பின்னால் இழுபட்டுப் போவார்கள், பந்து வாங்கிறவனுக்கு வழி கிடைக்கும். பெரிய ஆள் என்றால் அங்கேதான் தெரியும் என்பது தம்பியின் கட்சி. ஆனால் ரீவிக்காரன் அதைக் காட்ட மாட்டான். கமெரா பந்தோடு போய்விடும். திரையின் ஓரத்தில் ஒன்றிரண்டு விநாடி தெரிகிறதை வைத்துத்தான் தம்பி பார்ப்பான். திருப்பிப் போட்டுப் போட்டுப் பார்ப்பான். அந்த நேரத்தில் நான் ரோல்ஸைச் சூடாக்கக் குசினிக்குப் போவேன்.

கடைசிச் சனிக்கிழமை என்று அப்போது தெரியாத அந்தச் சனிக்கிழமை, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பெடியன் பந்தை விட்டான். கஷ்டமான பந்தும் அல்ல. நேராக இரண்டு கையிலும் வந்து பட்டு விழுந்தது. குழந்தைப் பிள்ளைகூடப் பிடித்திருக்கும். கூட்டாளி எழும்பி நின்றான். பிறகு, இவன் முடிஞ்சான், பெரிய ஆட்கள் இந்தப் பந்தை விட மாட்டினம் என்று சொல்லிக்கொண்டு ஜக்கெற்றைத் தேடினான். இரண்டு வருடமாகத் தலையில் வைத்துக் கொண்டாடியவனை ஒரு பந்தில் இறக்கிவிட்டான். நானும் எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

தம்பி எங்களைப் பார்க்கவில்லை. ரீவிக்குக் கிட்டப் போய் முழங்காலில் இருந்தான். அடுத்த எறி நடந்தது, பந்து மற்றப் பக்கம் போனது, யாரோ பிடித்தார்கள், விழுந்தார்கள். தம்பி திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான்.

“இப்ப சொல்லுறன். இவன் பெரிய ஆளா வருவான்.”

கூட்டாளி நம்பாமல் சிரித்தான். நான் போனில் காருக்குப் பனிக்கால ரயர் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி என்னைக் கேட்டான்.

“அண்ணா, பாத்தனியோ?”

“ஓம், பாத்தன்.”

அது பொய் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. பழக்கம். பார்க்கவில்லை என்று சொன்னால் திருப்பிப் போட்டுக் காட்டுவான், விளக்குவான், பத்து நிமிடம் போகும். பார்த்தேன் என்றபடியால் அவன் திருப்பிப் போடவில்லை. முகம் மலர்ந்து, “கண்டனிதானே,” என்றான். கூட்டாளிக்கு ரயில் இருந்தது. எனக்கு அடுத்த நாள் ஏதோ வேலை இருந்தது. செவ்வாய்க்கிழமை தம்பி இறந்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. ஆட்கள் வந்தார்கள். கதிரைகள் இரவல் வாங்கினோம். தம்பி ஓட்டிய பஸ்ஸின் நம்பரைச் சொல்லி, அதில் தினமும் ஏறுவேன் என்று ஒரு சுவிஸ் கிழவி பூவோடு வந்தார். முதலில் பிரெஞ்சில் சொல்லி, பிறகு எனக்கு விளங்கவில்லையோ என்று ஜெர்மனிலும் சொன்னார். இரண்டும் விளங்கியது. நான் தலையாட்டினேன். ஆறாம் நாள் வேலைக்குப் போனேன். இன்னும் லீவு இருக்கிறது, ஏன் வந்தாய் என்று மேலாளர் கேட்டார். வீட்டில் இருந்து என்ன செய்ய என்றேன். அன்று வழக்கத்தைவிடக் கூடுதலான மணிக்கூடுகள் பார்த்தேன். ஒன்றில்கூட பிழை விடவில்லை. எனக்கே அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

முப்பத்தொரு நாளும் துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, நல்லது கெட்டது ஒன்றுக்கும் போவதில்லை, ரீவி போடுவதில்லை. அம்மா தன்னுடைய பழைய சேலை ஒன்றை மடித்து ரீவியை மூடிவிட்டார். எட்டாம் நாள் கூட்டாளி வந்து அந்தச் சேலைக்கு முன்னால் இருந்தான். செத்த வீட்டில் ஆம்பிளைகள் ஊர்ப்புதினம் கதைப்பதுதான் வழமை, ஆனால் அவனுக்கு எங்கள் வீட்டில் தெரிந்த கதை ஒன்றுதான். பெடியன் அடுத்த கிழமையும் விளையாடினான், பரவாயில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். பிறகு, அன்றைக்குத் தம்பி எதைப் பார்த்து அப்படிச் சொன்னவன் என்று கேட்டான்.

“நீங்கள் பாத்தனியள்தானே அண்ணை.”

ரீவிப் பதிவுப் பெட்டிக்குள் அந்த ஆட்டம் இருக்கும், பிறகு பார்ப்போம் என்றேன். நான் பார்க்கவில்லை என்று அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கேட்ட தம்பி போய்விட்டான், இனி யாருக்குச் சொல்லி என்ன என்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அது என்னைக் குடையத் தொடங்கியது. கவலை என்று சொல்ல மாட்டேன். கவலை வரவில்லை. பல்லில் சிக்கிய நார்போல இருந்தது. என் தம்பி கடைசியாக என்னைக் காணச் சொன்ன ஒன்றை நான் காணவில்லை. அது என்னவென்று சேலைக்குப் பின்னால் கிடக்கிறது. அம்மாவின் துடக்கை உடைத்துப் பார்க்கவும் ஏலாது.

இதற்கிடையில் கல்வெட்டு வேலை வந்தது. இறந்தவரின் படத்தைப் போட்டு, வாழ்க்கை வரலாறும், தாய் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று பாட்டுகளும் எழுதி அச்சடித்து, முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் வாசித்து, வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பது எங்கள் ஆட்களின் வழமை. கல்லில் வெட்டுகிற காலம் போய்க் கடதாசிக்கு வந்தாலும் பெயர் மாறவில்லை. அதைச் செய்பவர் ஓர்லிகோனில் இருக்கிற ஒரு அண்ணை. கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அல்பம் எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். தொலைபேசியில் என்னிடம் தம்பியின் விபரம் கேட்டார். பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், வேலை. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை என்றதும் கொஞ்சம் தயங்கினார். அந்தப் பக்கங்கள் வெறுமையாகிவிடும். ஏதும் சாதனைகள் உண்டோ என்று கேட்டார்.

நான் யோசித்தேன். பஸ் ஓட்டினான் என்றேன். விளையாட்டில் ஆர்வம் உள்ளவர் என்று போடலாமோ என்று அவர் கேட்டார். போடுங்கோ என்றேன். சகோதரர் புலம்பலை நீங்களே எழுதித் தாறியளோ என்றார். எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லி இரண்டு நாள் ஒரு கொப்பியோடு இருந்தேன். தம்பியே என்று எழுதினேன். அதற்குமேல் போகவில்லை. நாற்பத்துநாலு வயது மனிதன், முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவனைப் பற்றி ஒரு வரி எழுத முடியாமல் இருந்தேன். உங்களிடம் இருக்கிறதைப் போடுங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டேன். அவரிடம் எல்லாவிதப் புலம்பலும் தயாராக இருக்கும். பெயரையும் உறவையும் மாற்றிப் போடுவார்.

அச்சுக்குப் போகுமுன் கல்வெட்டின் பக்கங்களை வைபரில் அனுப்பி, ஒருக்கா வடிவாப் பாருங்கோ என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தொழிற்சாலை மேசையில் திறந்தேன். தம்பியின் படம் வந்தது. விரலால் தள்ளினேன். எழுத்துகள் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பக்கம் வரை தள்ளினேன். பின்னேரம் அவர் தொலைபேசி எடுத்தார்.

“பாத்தியளோ? அடிக்கக் குடுக்கட்டோ?”

“ஓம், பாத்தன்,” என்றேன்.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து மண்டபத்தில் நூற்றைம்பது பேர் அளவில் இருந்தோம். வெளியே ஏரிப் பக்கத்தில் இருந்து வந்த பனிப்புகார் யன்னல்களை மூடிக்கொண்டிருந்தது. தேவாரம் படிக்கிற ஐயா ஒருவர் கல்வெட்டை எடுத்து மைக்கில் வாசித்தார். நல்ல குரல். தாய் புலம்பலில் பெண்கள் பக்கம் முழுக்க அழுதது. அம்மா அழவில்லை, அவர் களைத்துப் போயிருந்தார். பிறகு சகோதரர் புலம்பல். ஐயா இராகத்தோடு எடுத்தார்.

“தங்கையவள் தவித்தழவே தனித்தெங்கே சென்றனையோ, மங்கையவள் மணக்கோலம் காணாமல் மறைந்தனையோ...”

எங்களுக்குத் தங்கை கிடையாது. தம்பியும் நானும் மட்டும்தான். யாரோ ஒரு செத்த மனிதரின் தங்கை, மணக்கோலம் காணாத ஒரு பெண், எங்கள் கல்வெட்டில் தங்கிவிட்டாள். ஐயா தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனார். தங்கை நாலு வரிக்கு வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அம்மா தனியாக இருந்தார். பின்னால் இருந்த ஒரு மனுசி குனிந்து, உங்களுக்கு மகளும் ஒண்டு இருக்கோ என்று கேட்டது எனக்குக் கேட்டது. அம்மா இல்லை என்று தலையாட்டினார்.

நான் என்ன செய்தேன் என்றால், கையில் இருந்த கல்வெட்டைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் இருந்தது. உருப்பெருக்கி தேவையில்லை. குறை, சிவப்புப் பெட்டி என்று மனம் சொன்னது. வேறொன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த கூட்டாளி என் காதுக்குக் கிட்ட வந்து, “ஆர் அண்ணை இதைப் பாத்தது?” என்றான்.

“நான்தான்,” என்றேன்.

அச்சடித்த அண்ணை சாப்பாட்டு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. எல்லாவற்றையும் திருப்பி அடித்துத் தருகிறேன் என்றார். உங்கள் பிழை இல்லை, நீங்கள் கேட்டனீங்கள், நான் பார்த்தேன் என்று சொன்னனான் என்றேன். அதற்குள் பாதிப்பேர் கல்வெட்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா சொன்னார்.

“தூசு பாக்கிற பிள்ளை எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சன் மோனை.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை துடக்கு முடிந்திருந்தது. கூட்டாளி வழக்கமான ரயிலில் வந்தான், ரோல்ஸோடு. அம்மா அவனைக் கண்டதும் ரீவியில் இருந்த சேலையை எடுத்து மடித்தார். அன்றைக்கு ஓடுகிற ஆட்டத்தை நாங்கள் போடவில்லை. பதிவுப் பெட்டியில் பழையதைத் தேடி எடுத்தேன். கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தள்ளினேன். பெடியனின் இரண்டு கையிலும் பந்து பட்டது. விழுந்தது. கூட்டாளி இப்போதும் நாக்கைக் கடித்தான்.

அடுத்த எறி. தம்பி இருந்த இடத்தில், ரீவிக்குக் கிட்ட, முழங்காலில் இருந்தேன். பெடியன் திரையின் கீழ் ஓரத்தில் நின்றான். பந்து புறப்பட்டதும் ஓடினான். இரண்டு விநாடி. அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் இழுபட்டார்கள். பிறகு கமெரா மேல் பக்கத்துக்குப் போய்விட்டது, அவன் போய்விட்டான். அங்கே வேறொருவன் பந்தைப் பிடித்து, ஓடி, நாலு பேரின் அடியில் விழுந்தான். அவ்வளவுதான்.

“ஓடினான். சரி. இதுக்கோ?” என்றான் கூட்டாளி.

திருப்பிப் போட்டேன். மறுபடியும் போட்டேன். நான் ஒரு பொருளைப் பார்க்கத் தொடங்கினால் அது என்னிடம் இருந்து தப்பாது, அது வீண்பெருமை இல்லை, என் தொழில். ஏழாவதோ எட்டாவதோ தடவை கண்டேன். விழுந்தவனை ஒரு கை பிடித்துத் தூக்குகிறது. ஆளின் முகம் தெரியவில்லை, முதுகும் இல்லை, வேறு ஆட்கள் மறைக்கிறார்கள். கை மட்டும் தெரிகிறது. மணிக்கட்டில் மஞ்சள் பட்டி. பந்தை விட்ட காட்சிக்குப் போய்ப் பார்த்தேன். பெடியனின் இடது மணிக்கட்டில் அதே மஞ்சள் பட்டி. வேறு ஒருவர் கையிலும் அது இல்லை. அரை நிமிடத்துக்கு முன் ஆயிரம் ஆயிரம் பேருக்கு முன்னால் பந்தை விட்டவன், தனக்கு வராத பந்துக்காக ஒரு பக்கம் முழு மூச்சில் ஓடி, அங்கிருந்து மைதானத்தின் முழு அகலத்தையும் குறுக்காகக் கடந்து வந்து, பிடித்தவனைத் தூக்கிவிட முதல் ஆளாக நிற்கிறான்.

கூட்டாளிக்குக் காட்டினேன். அவன் நாலு தடவை பார்த்தான். நல்ல பழக்கம்தான் அண்ணை, ஆனால் இதை வைத்து ஒருத்தனை எல்லாக் காலத்துக்குமான பெரிய ஆள் என்று சொல்ல ஏலாது என்றான். ஏன் ஏலாது என்றேன். கை வேண்டும், வேகம் வேண்டும், முழங்கால் உடையாமல் பத்து வருடம் வேண்டும் என்றான். எல்லாம் வந்தாலும் இது இல்லாவிட்டால் என்ன என்றேன். நான் அப்படிச் சத்தமாகக் கதைத்து அவன் கண்டதில்லை. அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். தம்பியின் கட்சிக்காக இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உண்மையாகவே வாதாடினேன், அவன் இல்லாத வீட்டில். வழக்கு முடியவில்லை. அது முடிய இன்னும் பதினைந்து வருடம் வேண்டும், அப்போது தம்பி சொன்னது சரியா பிழையா என்று தெரியும்.

ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கூட்டாளி வாசலில் நின்றான்.

“உங்கட தம்பி சுமாரான ரிசீவர் அண்ணை. நான் பொய் சொல்லக் கூடாது. ஆனா பந்து வராட்டிலும் ஓடுவான். அவனை மறிச்சு விளையாடின நாளில நான் வீட்டை போய், களைப்பில சாப்பிடாமல் படுத்திடுவன்.”

அவன் போனபிறகு நான் கொப்பியை எடுத்தேன். தம்பியே என்ற சொல்லுக்குக் கீழே இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த தாளில் எழுதினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓர்லிகோன் அண்ணைக்கு அனுப்பி, கல்வெட்டைத் திருப்பி அடிக்க வேண்டாம், இதை மட்டும் சின்னத் துண்டாக அடித்துத் தாருங்கோ, நான் ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். கொண்டுபோனவர்களுக்குத் துண்டை மட்டும் தபாலில் அனுப்பலாம். வாசித்துப் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை.

துண்டுகள் வந்த பின்னேரம் அம்மாவின் மேசையில் மிச்சக் கல்வெட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு இருந்தோம். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒரு துண்டை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல விரல் வைத்து, சத்தமாக வாசித்தார்.

“திருத்தம். ஒன்பதாம் பக்கத்தில் தங்கை என்று வந்தது பிழை. அவனுக்குத் தங்கை இல்லை. அண்ணன் ஒருவன் இருக்கிறான். பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருந்தவன் அவன்தான். இப்போது பார்த்துவிட்டான்.”

துண்டை மேசையில் வைத்தார். இது உன்ர புலம்பலோ என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் பசையை என் பக்கம் தள்ளினார். முதல் கல்வெட்டைத் திறந்து, அந்தத் தங்கையின் மேல் பசை பூசி, துண்டை வைத்து அழுத்தினேன்.

“நேரா ஒட்டியிருக்கோ பார் மோனை,” என்றார் அம்மா.

பார்த்தேன். பக்கம் கலங்கிக் கிடந்தது. எழுத்தும் இல்லை, ஓரமும் இல்லை. கன்னம் நனைந்து சேர்ட்டில் ஒழுகியபோதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

“எனக்குத் தெரியேல்லை அம்மா. நீங்கள் பாருங்கோ,” என்றேன்.